ஆய்வகத்தில் ஒளிரும் திரை நம் கைக்கு வர ஏன் இத்தனை காலம்?

கைப்பேசியில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொண்டு, திரையின் மேல் கடுகளவு தண்ணீர்த் துளி ஒன்றை விரல்நுனியால் வையுங்கள். அந்தத் துளி ஒரு குட்டி உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகிவிடும். குனிந்து உற்றுப் பார்த்தால் வெள்ளை காணாமல் போயிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று பொடிப்பொடியாகப் புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். அவை சேர்ந்து ஒளிர்வதைத்தான் நம் கண் வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. மூன்று நிறப் புள்ளிகள் சேர்ந்தால் ஒரு பிக்சல் என்று வைத்துக்கொள்ளலாம். சில கைப்பேசிகளில் பச்சைப் புள்ளிகள் மட்டும் கூடுதலாக இருக்கும். இப்போதைக்கு அதை விட்டுவிடுவோம்.

திரைத் தொழில்நுட்பம் என்று பெரிதாகச் சொல்வதெல்லாம் இந்தப் பொடிப் புள்ளிகளை எப்படி ஒளிரவைப்பது, எப்படி அணைப்பது என்பதைப் பற்றியதுதான். எல்.சி.டி. திரையில் புள்ளிகளுக்குச் சொந்த ஒளி கிடையாது. பின்னால் ஒரு விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் ஜன்னல் கதவைப் போலத் திறந்தும் மூடியும் அந்த ஒளியைக் கூட்டிக் குறைக்கும். கதவு முழுவதுமாக மூடாததால்தான் இருட்டு அறையில் எல்.சி.டி.யின் கறுப்பு சாம்பலாகத் தெரிகிறது. ஓ.எல்.இ.டி. திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அணைத்தால் உண்மையான கறுப்பு. அதில் ஒளிர்வது கரிமச் சேர்மத்தாலான மெல்லிய படலம். மைக்ரோ எல்.இ.டி. என்பது அதே எண்ணத்தை, படலத்துக்குப் பதிலாகக் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய திண்ம விளக்குகளை வைத்துச் செய்வது.

இனி ஆண்டுகளைப் பாருங்கள். ஈஸ்ட்மன் கோடக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் இன்றைய ஓ.எல்.இ.டி.க்கு அடிப்படையான ஆய்வை வெளியிட்டது 1987-ல். 55 அங்குல ஓ.எல்.இ.டி. டி.வி. விற்பனைக்கு வந்தது 2013-ல். ஐபோனில் அது இடம்பிடித்தது 2017-ல். சரியாக முப்பது ஆண்டு. அந்த முப்பது ஆண்டும் "இதோ வந்துவிட்டது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆய்வகத்தில் அது உண்மையிலேயே வந்துவிட்டது. அங்கிருந்து நம் கைக்கு வரும் வழி எவ்வளவு நீளம் என்பதைத்தான் எல்லோரும் குறைத்து எடைபோட்டார்கள்.

அந்த வழியில் என்னென்ன குறுக்கே நிற்கின்றன என்று பார்ப்போம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிய திரைக்கு மிகப் பெரிய எதிரி அதன் சொந்தக் குறைகள் அல்ல. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நன்றாகிக்கொண்டும் மலிவாகிக்கொண்டும் இருக்கிற பழைய திரைதான்.

288 நாள்

முதல் தடை எண்ணிக்கை. 4கே திரையில் குறுக்காக 3840 பிக்சல், நெடுக்காக 2160. பெருக்கினால் 82 லட்சத்து 94 ஆயிரத்து 400. ஒவ்வொன்றிலும் மூன்று நிறம். ஆக, 2 கோடியே 48 லட்சத்து 83 ஆயிரத்து 200 புள்ளிகள். மைக்ரோ எல்.இ.டி. திரை என்றால் இத்தனையும் தனித்தனி விளக்குகள். அவை வேறொரு தட்டில் படிகமாக வளர்க்கப்பட்டு, வெட்டி எடுக்கப்பட்டு, திரையின் அடித்தளத்தில் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இம்மியும் பிசகாமல் போய் உட்கார வேண்டும். ஓர் இயந்திரம் இரவு பகலாக நொடிக்கு ஒரு விளக்கை எடுத்து வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு டி.வி. முடிய எத்தனை நாள் ஆகும்? ஒரு நாளைக்கு 86,400 நொடி. வகுத்துப் பாருங்கள்: மிச்சமில்லாமல் 288 நாள் வருகிறது.

அதனால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் தூக்கி வைக்கும் வழிகளைத் தேடுகிறார்கள். பசைத்தன்மையுள்ள முத்திரையால் ஒற்றி எடுப்பது ஒரு வழி, லேசர் ஒளியால் தட்டிலிருந்து உதிர்த்து இறக்குவது இன்னொரு வழி. வேகம் வந்துவிடுகிறது. ஆனால் பிழை வராமல் இருக்க வேண்டுமே. செய்த பொருளில் எவ்வளவு தேறுகிறது என்ற கணக்கைத் தொழிற்சாலைகளில் யீல்டு என்பார்கள். நூற்றுக்கு 99.99 தேறினால் வேறு எந்தத் தொழிலிலும் கைதட்டுவார்கள். இங்கே அதன் பொருள், திரையில் ஏறத்தாழ 2,488 செத்த புள்ளிகள். வாங்கியவர் ஒரே ஒரு செத்த புள்ளியைப் பார்த்தாலே பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். எனவே வைத்து முடித்தபின் ஒவ்வொன்றையும் சோதித்து, செத்ததைக் கண்டுபிடித்து, அதன் இடத்தில் வேறொன்றை வைக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. விலையில் பெரும்பங்கு இந்தச் சிரமத்துக்குத்தான் போகிறது.

சோனி 55 அங்குல மைக்ரோ எல்.இ.டி. மாதிரியைக் காட்டியது 2012-ல். சாம்சங் 146 அங்குலச் சுவர்த்திரையை 2018-ல் அறிமுகம் செய்தது. இரண்டும் கண்கொள்ளாக் காட்சிகள். ஆனாலும் சாதாரண வீட்டு டி.வி.யாக அது இன்னும் இறங்கிவரவில்லை. சுவர் போன்ற பெரிய திரையில் விளக்குகள் சற்றுப் பெரிதாக இருக்கலாம். திரை சுருங்கச் சுருங்க விளக்கும் சுருங்க வேண்டும். விளக்கு சுருங்கினால் அதன் ஓரங்களில் உள்ள படிகக் குறைகள் மின்சாரத்தை ஒளியாக்காமல் வெப்பமாக வீணடிக்கின்றன. சிவப்பில் இந்த இழப்பு இன்னும் மோசம். 2024 பிப்ரவரியில் ஏ.எம்.எஸ். ஓஸ்ராம் நிறுவனம், தன் மைக்ரோ எல்.இ.டி. முயற்சிக்கு அச்சாணியாக இருந்த திட்டம் எதிர்பாராமல் ரத்தாகிவிட்டது என்று அறிவித்தது. ரத்து செய்த வாடிக்கையாளர் யார் என்று அது சொல்லவில்லை. அந்தத் திட்டத்தை நம்பி மலேசியாவின் கூலிமில் புதிய தொழிற்சாலையே கட்டியிருந்தார்கள்.

ஓ.எல்.இ.டி.க்கு வேறு மாதிரியான சிக்கல். வெற்றிடத்தில் சேர்மத்தைச் சூடாக்கி ஆவியாக்கி, நுண்துளைகள் நிறைந்த உலோகத் தகடு வழியாகக் கண்ணாடியின் மேல் படியவைக்க வேண்டும். சிவப்புக்கு ஒரு தடவை, பச்சைக்கு ஒரு தடவை, நீலத்துக்கு ஒரு தடவை. கைப்பேசி அளவுத் திரைக்கு இது சரிப்பட்டது. டி.வி. அளவுக்குத் தகட்டை விரித்தால் அது தன் எடையிலேயே நடுவில் தொய்கிறது. துளை இடம் பிசகுகிறது. நிறம் பக்கத்துப் புள்ளியில் போய் விழுகிறது. எல்.ஜி. இதற்கு ஒரு சுற்றுவழி கண்டது. திரை முழுவதையும் வெள்ளையாகவே ஒளிரவிட்டு, மேலே நிற வடிகட்டிகளை வைத்துவிட்டது. கொஞ்சம் ஒளி வீணாகும். ஆனால் பெரிய டி.வி. செய்ய முடிந்தது. தொழில்நுட்பம் முன்னேறுவது பெரும்பாலும் இப்படித்தான்: சிறந்த வழி அடைபட்டிருக்கும்போது, யாராவது செய்யக்கூடிய வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நீலம்

தடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது நீலம். இயற்கை இந்த ஒரு நிறத்தில் மட்டும் விடாப்பிடியாக மல்லுக்கு நின்றிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி. 1962-லேயே வந்துவிட்டது. பளிச்சென்று ஒளிரும் நீல எல்.இ.டி.க்கு 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஓ.எல்.இ.டி.யிலும் அதே நீலம்தான் தகராறு. நீல ஒளியின் ஒவ்வொரு துகளும் சிவப்பைவிட அதிக ஆற்றல் கொண்டது. அந்த ஆற்றலைத் தினமும் சுமக்கும் கரிம மூலக்கூறு சீக்கிரம் சிதைகிறது. சிவப்பும் பச்சையும் தெம்பாக இருக்கும்போது நீலம் மட்டும் மங்கினால், சில ஆண்டுகளில் வெள்ளைத்தாள் பழுப்பேறுவதுபோலத் திரை மஞ்சள் தட்டிவிடும். இதைவிட எரிச்சலூட்டுவது தழும்பு. செய்திச் சானலின் சின்னம் திரையின் மூலையில் ஒரே இடத்தில் பல மாதம் ஒளிர்ந்தால், அந்தப் புள்ளிகள் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் தேய்ந்துவிடும். சானலை மாற்றினாலும் சின்னத்தின் நிழல் போகாது. பழைய ஓ.எல்.இ.டி. கைப்பேசி கையில் இருந்தால் முழுச் சாம்பல் நிறப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அடியில் விசைப்பலகையின் தடமோ, மேலே கடிகாரம் இருந்த இடமோ மங்கலாகத் தெரியலாம்.

நீலப் புள்ளியை மற்றவற்றைவிடப் பெரிதாகச் செய்து அதன் சுமையைக் குறைக்கிறார்கள். படத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு அவ்வப்போது நகர்த்துகிறார்கள். அசையாத பகுதிகளை மங்கலாக்குகிறார்கள். இதனால் நிலைமை பெரிதும் மேம்பட்டுவிட்டது. ஆனால் "பத்து ஆண்டு உழைக்கும்" என்பதைப் பத்து ஆண்டு கழியாமல் வாங்குபவருக்கு யார் நிரூபித்துக் காட்டுவது? சோதனைக் கூடத்தில் அளவுக்கு மீறிய ஒளியிலும் வெப்பத்திலும் ஓடவிட்டு ஆயுளைக் கணிக்கிறார்கள். கணிப்பு சரியாகவே இருந்தாலும் பக்கத்து வீட்டுத் திரையில் ஒரு முறை தழும்பைப் பார்த்தவருக்கு அது போதாது. அவருடைய தயக்கமும் நியாயமானதுதான்.

மடிக்கும் கைப்பேசியிலும் இதே கதை. சாம்சங்கின் முதல் மடிப்புக் கைப்பேசி 2019 ஏப்ரலில் வருவதாக இருந்தது. விமர்சகர்கள் சிலர், திரையோடு ஒன்றியிருந்த காப்புப் படலத்தை ஒட்டுத்தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். வேறு சில கருவிகளில் கீல் வழியாகத் துகள் உள்ளே போனது. விற்பனை செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று.

ஓடிக்கொண்டே இருக்கும் பழைய திரை

முதலில் சொன்ன எதிரிக்கு வருகிறேன். இதை விளக்க எஸ்.இ.டி. என்ற திரையின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அது வராமல் போனதில் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

பழைய படக்குழாய் டி.வி.யில் பின்னாலிருந்து எலெக்ட்ரான் கற்றை பாய்ந்து, முன்கண்ணாடியில் பூசிய ஒளிர்பொருளில் மோதும். நிறமும் கறுப்பும் அசைவும் அத்தனை அழகாக இருந்ததற்குக் காரணம் அதுதான். கனமும் ஆழமுமே அதன் குறை. கேனன் நிறுவனத்துக்கு 1980-களில் ஒரு யோசனை தோன்றியது. ஒரே பெரிய குழாய்க்குப் பதில், ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒரு நுண்ணிய எலெக்ட்ரான் ஊற்றை வைத்தால் என்ன? படக்குழாயின் அழகு அப்படியே இருக்க, தட்டையான டி.வி. கிடைக்குமே. அதுதான் எஸ்.இ.டி. தோஷிபாவும் சேர்ந்துகொண்டது. 2004-ல் இரண்டும் கூட்டு நிறுவனம் தொடங்கின. கண்காட்சிகளில் பார்த்தவர்கள் மெய்ம்மறந்து போனார்கள்.

அப்புறம் வந்தது வழக்கு. காப்புரிமை உரிமம் கேனனுக்குத்தான் கொடுத்தோம், கூட்டு நிறுவனத்துக்கு அல்ல என்று அமெரிக்காவின் நானோ-புரொப்பரைட்டரி நிறுவனம் நீதிமன்றம் போனது. 2007-ல் தோஷிபாவின் பங்குகளைக் கேனனே வாங்கிக்கொண்டது. 2008-ல் மேல்முறையீட்டில் கேனனுக்குச் சாதகமாகவே தீர்ப்பு வந்தது. ஆனால் வழக்கு நடந்த அந்த ஆண்டுகளில் எல்.சி.டி. சும்மா இருக்கவில்லை. அளவு பெருத்தது, விலை சரிந்தது, பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாமல் நின்றது. எஸ்.இ.டி. வகுத்த விலைக்கணக்கு ஒவ்வோர் ஆண்டும் பழையதாகிப் போயிற்று. 2010-ல் கேனன் அந்த நிறுவனத்தைக் கலைத்தது. கடைக்கு ஒரு பெட்டிகூட வரவில்லை.

எல்.சி.டி.க்கு இந்த வேகம் எங்கிருந்து வருகிறது? தொழிற்சாலையிலிருந்து. இன்றைய மிகப் பெரிய எல்.சி.டி. ஆலைகளில் ஒரு கண்ணாடித் தாளின் அளவு 2940-க்கு 3370 மில்லிமீட்டர். ஒரு சிறிய அறையின் தரை அளவு. கனமோ அரை மில்லிமீட்டர்தான். இந்த ஒரே தாளிலிருந்து எட்டு 65 அங்குலத் திரைகளை வெட்டி எடுக்கலாம். சீனாவின் ஹெஃபெய் நகரில் பி.ஓ.இ. நிறுவனம் 2017 டிசம்பரில் இந்த அளவிலான முதல் ஆலையை ஓட்டத் தொடங்கியது. இப்படிப்பட்ட ஆலைக்குப் பல நூறு கோடி டாலர் வேண்டும். கட்டிச் சில ஆண்டுகள் ஓடி, போட்ட முதல் தேய்மானக் கணக்கில் கழிந்துவிட்டால், அதன்பின் மூலப்பொருளும் கூலியும் மின்சாரமும்தான் செலவு. விலையை எவ்வளவு வேண்டுமானாலும் இறக்கலாம். புதிய தொழில்நுட்பமோ முதல் செங்கல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற பழமொழி இந்தத் தொழிலுக்கென்றே சொன்னது போலிருக்கிறது. நிறைய விற்றால்தான் விலை குறையும்; விலை குறைந்தால்தான் நிறைய விற்கும்.

இன்னொன்று, பழைய திரை புதியதிடமிருந்து கடன் வாங்கிக்கொள்கிறது. பின்விளக்கைக் குழல்விளக்கிலிருந்து எல்.இ.டி.க்கு மாற்றினார்கள், திரை மெலிந்தது. பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே அணைத்தார்கள், கறுப்பு ஆழமாயிற்று. ஒளியைத் தூய நிறமாக மாற்றும் நுண்துகள்களான குவாண்டம் புள்ளிகளைச் சேர்த்தார்கள், நிறம் செறிந்தது. இப்படி ஒவ்வொரு முறையும், புதிய திரையை வாங்க வைத்திருந்த காரணங்களில் ஒன்று குறைந்துபோகிறது.

பிளாஸ்மா டி.வி. ஒரு காலத்தில் எல்.சி.டி.யைவிட நல்ல படம் காட்டியது. அதைக் கவிழ்த்ததில் கடை விளக்குக்கும் பங்கு உண்டு. வெளிச்சம் கொட்டும் விற்பனைக் கூடத்தில் பளிச்சென்று தெரிவது எல்.சி.டி.; பிளாஸ்மாவின் அருமை மங்கலான அறையில்தான் தெரியும். வாங்குபவர் முடிவெடுப்பதோ கூடத்தில். மின்சாரமும் அதிகம் இழுத்தது. 4கே அளவுக்குப் புள்ளிகளைச் சிறிதாக்குவதும் கடினமாக இருந்தது. 2013 இறுதியில் பானசோனிக் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்தியது.

காட்ட என்ன இருக்கிறது?

திரை தனியாக வாழ முடியாது. அதில் காட்டப் படம் வேண்டும், படத்தைக் கொண்டுவரக் கம்பியும் அலைவரிசையும் வேண்டும். அமெரிக்காவில் சி.பி.எஸ். நிறுவனத்தின் வண்ணத் தொலைக்காட்சி முறைக்கு 1950-ல் அரசு அனுமதி கிடைத்தது. 1951 ஜூனில் ஒளிபரப்பு தொடங்கியது. படம் நன்றாகவே இருந்தது. ஆனால் ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் அந்த ஒளிபரப்பைப் பார்க்கவே முடியாது. நான்கே மாதத்தில், போர்க்காலப் பொருள் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி, எல்லாம் நின்றது. 1953 டிசம்பரில் வேறொரு வண்ணமுறைக்கு அனுமதி கிடைத்தது. பழைய பெட்டியில் அது கறுப்பு வெள்ளையாகவும், புதிய பெட்டியில் வண்ணமாகவும் தெரிந்தது. அந்த முறைதான் நிலைத்தது. அப்போதும்கூட வண்ணப் பெட்டிகள் விற்பனையில் முந்துவதற்கு 1970-கள் ஆகிவிட்டன.

3டி டி.வி.க்கு 2010-ல் பெரிய வரவேற்பு இருந்தது. பார்க்க ஒரு கண்ணாடி அணிய வேண்டும், ஒரு நிறுவனத்தின் கண்ணாடி பெரும்பாலும் இன்னொன்றுக்குப் பொருந்தாது, பார்க்கப் படங்களும் குறைவு. 2017-ல் எல்.ஜி.யும் சோனியும் கைவிட்டதோடு முடிந்தது.

8கே டி.வி.க்கு நம் கண்ணே தடை. இயல்பான பார்வையுள்ள கண்ணால், ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்குவரைதான் இரு புள்ளிகளைப் பிரித்துப் பார்க்க முடியும். 55 அங்குல டி.வி.யின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். 4கே என்றால் ஒரு பிக்சல் 0.32 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், சுமார் 1.1 மீட்டருக்கு அப்பால் உட்கார்ந்தாலே அந்தப் பிக்சல்கள் தனித்தனியாகத் தெரியாமல் ஒன்றாகிவிடும். அதையும் நான்காகப் பிரிக்கும் 8கேயின் நுணுக்கத்தை முழுதாக ரசிக்க வேண்டுமென்றால் அரை மீட்டர் தூரத்தில் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஜப்பானின் என்.எச்.கே. 2018 டிசம்பர் 1 முதல் 8கே ஒளிபரப்பு நடத்தத் தொடங்கியும், வீடுகளில் அது பரவாததற்கு இந்தச் சின்னக் கணக்கு பெரிய காரணம் என்றே நினைக்கிறேன்.

சின்ன வாசல்

வென்ற திரைகள் பெரும்பாலும் சின்ன வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. திரவப் படிகத்தை 1888-லேயே ரைனிட்சர் கண்டிருந்தார். அதைக் காட்சித் திரையாக்க முடியும் என்று ஆர்.சி.ஏ. நிறுவனம் 1968-ல் அறிவித்தது. சுவரில் மாட்டும் டி.வி.தான் அவர்களின் கனவு. ஆனால் எல்.சி.டி.க்கு வாழ்வு கொடுத்தது கால்குலேட்டர். ஷார்ப் நிறுவனம் 1973-ல் வெளியிட்ட கால்குலேட்டருக்குச் சில இலக்கங்கள் தெரிந்தால் போதும், மின்கலம் நீடித்தால் போதும். பிறகு கைக்கடிகாரம், மடிக்கணினி, கடைசியாகத்தான் டி.வி. ஓ.எல்.இ.டி.யை 2003-ல் கோடக் ஒரு கேமராவின் முதுகில் வைத்தது. 2007-ல் நேரே டி.வி.க்குத் தாவிய சோனியின் 11 அங்குலப் பெட்டி 3 மில்லிமீட்டர் தடிமனில் வியக்க வைத்தது; ஆனால் விலை தாங்காமல் சில ஆண்டுகளில் மறைந்தது.

மின்தாள் எனக்கு நெருக்கமானது. நான் அதிகம் படிப்பது அதில்தான். நுண்குமிழ்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமான துகள்கள் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. துகள் நகர நேரம் எடுப்பதால் அசையும் படத்துக்கு லாயக்கில்லை. ஆனால் எழுத்து ஒரு முறை வந்துவிட்டால் அதை நிறுத்திவைக்க மின்சாரமே வேண்டாம், வெயிலிலும் தாளைப் போலத் தெரியும். புத்தகம் படிக்க இது போதும். 2007-ல் கிண்டில் வந்தபோது அதற்கு ஏற்ற வாசல் திறந்தது. வண்ணம்தான் இன்னும் மல்லுக்கட்டுகிறது: நிற வடிகட்டி வைத்தால் வெளிச்சம் உள்ளே போகும்போதும் திரும்பும்போதும் இரண்டு தடவை வடிகட்டப்பட்டு, தாள் மங்கிப்போகிறது.

மைக்ரோ எல்.இ.டி.க்கும் இப்போது அப்படியொரு வாசல் திறந்திருக்கிறது. 2025-ல் கார்மின் நிறுவனம் அந்தத் திரையோடு ஒரு கைக்கடிகாரத்தை வெளியிட்டது. கண்கூசும் ஒளி, ஆனால் அதே கடிகாரத்தின் ஓ.எல்.இ.டி. வகையைவிட மின்கலம் சீக்கிரம் தீர்கிறது. அதன் திரையில் இருப்பவை 4 லட்சத்துக்கும் சற்று அதிகமான விளக்குகள். நொடிக்கு ஒன்றாக எடுத்து வைத்தாலும் ஐந்தே நாளில் வேலை முடிந்துவிடும்.